உள்ளே இருப்பது வேண்டுமா

சர்வீஸ்காரர் அன்று காலையிலிருந்து தன் போனை ஃப்ளைட் மோடில் போட்டு வைத்திருந்தார். பதினெட்டு வருஷமாக லேப்டாப் ரிப்பேர் கடை நடத்துகிறவர் அவர். ஒரு அழைப்பைத் தவறவிட்டால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்று குளிக்கும்போதுகூடப் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு குளிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு உலகத்தில் யாரும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார். உலகம் என்றால் பெரிய உலகமெல்லாம் இல்லை, அவர் மகள்தான்.

விஷயம் இதுதான். வீட்டில் மகளுக்குப் பெயர் சின்னது. பதினெட்டு வயதாகியும் சின்னதுதான். அவள் பல்கலைக்கழக விருப்பப் பட்டியலை அன்று மாலை ஐந்து மணிக்குள் பூட்டியாக வேண்டும். எந்தப் படிப்பு முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்திப் பொத்தானை அழுத்தினால் பெற்றோர் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைப் போட்டால்தான் பட்டியல் பூட்டும். பூட்டாவிட்டால் போன மாதம் சேமித்து வைத்த பழைய பட்டியலே இறுதியாகிவிடும். அந்தப் பழைய பட்டியலில் முதலிடம் பார்மசிக்கு. அதை முதலிடத்தில் வைத்தது சர்வீஸ்காரர். பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சி, அம்மா உடம்பைக் காரணம் காட்டி வைக்க வைத்தார்.

அதைத்தான் அவள் நேற்று மாற்றிவிட்டாள். இப்போது முதலிடம் கம்ப்யூட்டர் ஃபோரன்சிக்ஸ். கணினித் தடயவியல். "பொணத்த அறுக்கற படிப்பாம்ல?" என்று மாமியார் வழி அத்தை ஒருத்தி போனில் துக்கம் விசாரித்தாள். பிணமெல்லாம் இல்லை, கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார்கள், எதை மறைத்தார்கள் என்று தோண்டி எடுக்கிற படிப்பு என்று சின்னது பொறுமையாக விளக்கினாள். அதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சர்வீஸ்காரருக்கு, அத்தை நினைத்ததுபோல அது பிணம் அறுக்கிற படிப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

கடை என்றால் பத்துக்கு எட்டு அறை. ஒரு நீள மேசை, அதன் மேல் பச்சை ரப்பர் விரிப்பு, வயிறு திறந்து கிடக்கும் நாலைந்து லேப்டாப்புகள், மாத்திரை டப்பாக்களில் வகைவகையாகத் திருகாணிகள். மேசை ஓரத்தில் அட்டைப் பெட்டியோடு ஒரு புது பல்பு. குளியலறை பல்பு போய் ஒரு வாரமாகிறது என்று மனைவி நாலு தடவை சொல்லி வாங்கியது, மூன்று நாளாக வீட்டுக்கு எடுத்துப் போக மறந்துகொண்டே இருக்கிறார். மறதிக்காரர் இல்லை. எட்டு மாதமாகத்தான் இப்படி.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை அவருடைய பெரியவன் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். இருபத்திரண்டு வயது, கூரியர் கோடவுனில் வேலை. முதுகுப் பையில் இரண்டு சட்டை இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வேலைக்குப் போகவில்லை. போன் அன்று மத்தியானமே அணைந்துவிட்டது. பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஐந்து மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கும்போது சின்னது கடைக்குள் வந்தாள். வேகமாக நடந்து வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் கோடு போட்ட நோட்டு.

"அப்பா, ஏழு தடவ அனுப்பிட்டேன். ஒங்களுக்கு அந்த ஆறு நம்பர் கோடு வரவே இல்லையா?"

"டவர் சரியில்லம்மா இன்னைக்கு."

"எனக்கு ஃபுல்லா இருக்கே."

"ஒன்னுது வேற கம்பெனி."

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். பொய் சொல்லிப் பழகிய வாய், அடுத்த பொய்க்கு அவ்வளவு சிரமப்படுவதில்லை. கையில் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே திருகிய திருகாணியையே மறுபடி திருகினார்.

"சின்னது, நான் சொல்றத ஒரு தடவ கேளு. பார்மசி படிச்சா தெருவுக்குத் தெரு கடை இருக்கு. நாளைக்கே ஒரு இடத்துல உக்காந்துக்கலாம். இந்தப் படிப்பு படிச்சவங்க யாரையாவது நீ கண்ணால பாத்திருக்கியா?"

"நான் வேலைக்காகப் படிக்கலப்பா."

"பின்ன எதுக்கு?"

எதற்கென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டது, நேரத்தைக் கடத்த. அவள் போனைத் திறந்து, விண்ணப்பத்தில் 'இந்தப் படிப்பை ஏன் தேர்வு செய்தீர்கள்' என்ற கட்டத்தில் தான் எழுதியதைப் படித்தாள். பள்ளியில் ஒப்பிக்கிற குரலில், ஒரே மூச்சில் படித்தாள்.

"என் அண்ணன் காணாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. அவன் கணினியில் இருந்தவை முழுவதும் அழிக்கப்பட்டிருந்தன. அவனே அழித்துவிட்டுப் போனான் என்று முடிவு செய்து போலீஸார் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் அழித்திருக்க மாட்டான். அழித்தவர் யார் என்று கண்டுபிடிக்க விரும்புகிறேன்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "நல்லா இருக்காப்பா? ஒரு வாத்தியாரும் திருத்தல, நானே எழுதினது."

சர்வீஸ்காரர் தலையை ஆட்டினார். 

அந்த லேப்டாப் இப்போது வீட்டில் அவள் துணி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, டேப்பின் மேலும் உறையின் மேலும் சேர்ந்து விழும்படி கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள். 'யாரும் தொடக் கூடாது' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறாள். ஒரு தடயப் பொருளை ஆன் செய்தாலே அதில் உள்ளவை மாறிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறாள். எட்டு மாதமாக ஒரு தடவைகூட அவள் அதை ஆன் செய்யவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, அண்ணன் படம் ஒன்றாவது தப்பி மிஞ்சியிருக்காதா என்று அழுத நாட்களிலும் தொடவில்லை.

அந்த உறைக்குள் இனி எதையும் மீட்க முடியாத காலி டப்பா ஒன்றைக் காவல் காக்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அதைக் காலி செய்தவருக்கு.

பையன் போன மறுநாள் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "நீங்களே இந்தத் தொழில்தானே? உள்ள என்ன இருக்குன்னு பாத்து நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார். அவருக்கு அது வேலை மிச்சம். சனிக்கிழமை காலை சர்வீஸ்காரர் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார். இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. மெஷின் கம்பெனிப் படம் வரை வந்து நீலத் திரையில் நின்றது. வாரத்துக்கு முப்பது மெஷின் இப்படி வரும். அவர் மனசு பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் பெரியவனைத் தேடிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. பென் டிரைவைச் செருகியது. பழையதை அழிக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் என்றது. அடுத்து, அடுத்து, அடுத்து. புது விண்டோஸ் நாற்பது சதவீதம் ஏறியபோதுதான் மேசையில் இருப்பது யாருடைய லேப்டாப் என்று அவருக்கு உறைத்தது.

பழைய காலத்து சுழலும் டிஸ்க்காக இருந்திருந்தால் சுரண்டியாவது கொஞ்சம் எடுத்திருக்கலாம். பெரியவனின் பிறந்தநாளுக்கு, வேகமாக ஓடட்டும் என்று, புது வகை எஸ்.எஸ்.டி. மாற்றிக் கொடுத்ததும் இவரே. அது அழி என்றால் மிச்சம் மீதி வைக்காமல் அழித்துவிடும். சாயங்காலம் வரை தெரிந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். ஒரு எழுத்து திரும்ப வரவில்லை.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்ததும், வாய் தானாகச் சொன்னது: "எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுட்டுப் போயிருக்கான் சார்."

"அப்போ பிளான் பண்ணித்தான் போயிருக்கான். வயசு வந்த பையன். வரும்போது வருவான்" என்று இன்ஸ்பெக்டர் எழுதி மூடினார்.

நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை.

அவருக்கு இப்போது பயம் எதைப் பற்றி என்றால், முதல் வருஷப் பாடத்திட்டம். அதை அவர் வரி விடாமல் படித்திருந்தார். முதல் பருவம், இரண்டாவது பாடம்: ஒரு கணினியில் இயங்குதளம் எந்தத் தேதி, எந்த நேரம் நிறுவப்பட்டது என்று கண்டறிதல். அவ்வளவுதான், மூன்றே மாதம். வியாழக்கிழமை போனவன் சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு எப்படி விண்டோஸ் போட்டான் என்று சின்னது கேட்பாள். அது போதாதென்று, அவருடைய பென் டிரைவ் அவரே தயாரித்தது. போடுகிற எல்லா மெஷினிலும் கடைப் பெயரையும் போன் நம்பரையும் உள்ளே பதித்துவிடும். விளம்பரத்துக்காகச் செய்தது. திரையில் வந்த கடைப் படத்தை அன்றே எடுத்துவிட்டார். உள்ளே பதிந்த நம்பரை எடுத்தாரா இல்லையா என்பது எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பார்க்கலாம் என்றால் டேப்பைக் கிழிக்க வேண்டும்.

"நேத்துகூட அந்த பைக் மெக்கானிக்க மார்க்கெட்ல பாத்தேன்" என்றாள் சின்னது. பெரியவனின் ஒரே நண்பன் அவன். "என்னப் பாத்ததும் தலைய குனிஞ்சுட்டுப் போறான். அண்ணன் பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான். படிச்சு முடிச்சு மொதல்ல அவனத்தான் நிக்க வெச்சு கேப்பேன்."

"அவன் பாவம்மா."

"ஒங்களுக்கு எல்லாருமே பாவம்தான்."

அந்தப் பையன் முதல் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து, ஏதாவது தெரிந்ததா என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போவான். சின்னது நடுத்தெருவில் வைத்து அவனைத் திருடன் என்றாள். அப்புறம் வரவில்லை. அன்று சர்வீஸ்காரர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அப்போதே சொல்லியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது. இப்படி அவர் கணக்கில் 'அப்போதே' நிறைய இருந்தன.

"குடுங்க, ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று சின்னது மேசையிலிருந்த அவர் போனை எடுத்துவிட்டாள். அவர் கை நீட்டுவதற்குள் திரையின் மூலையைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா. ஃப்ளைட் மோட்ல இருக்கு."

"அப்படியா? கை பட்டிருக்கும்."

அவள் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டாள். போன் அதிர்ந்து அதிர்ந்து காலையிலிருந்து சேர்ந்த எல்லாவற்றையும் கொட்டியது. ஏழு கோடுகள். எல்லாம் காலாவதி. முதலாவது பத்து மணிக்கு அனுப்பியது.

"பத்து மணியிலேருந்து போன் வராம கடையில உக்காந்திருக்கீங்க. நீங்க." திருட்டு முழி முழித்த அப்பாவை அவள் இமைக்காமல் பார்த்தாள். "வேணும்னேவா பண்ணீங்க? அஞ்சு மணி ஆகட்டும்னா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் பேக்கரிக்காரம்மா வந்து நின்றாள். இரண்டு கடை தள்ளி பேக்கரி வைத்திருப்பவள், கையில் மாவு, இடுப்பில் ஒரு லேப்டாப்பைக் குழந்தை மாதிரி இடுக்கியிருந்தாள்.

"என்னன்னு பாருங்க. படம் வரைக்கும் வருது. அப்புறம் நீலமா நின்னு தொலையுது."

சர்வீஸ்காரர் வாங்கி மேசையில் வைத்தார். பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது.

"உள்ள இருக்கறது வேணுமா?"

"இது என்ன கேள்வி? உள்ள இருக்கறதுக்குத்தானே தூக்கிட்டு வந்தேன். பொட்டி யாருக்கு வேணும்?"

சின்னதுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாதீங்க ஆன்ட்டி. எங்கப்பா எல்லார்கிட்டயும் அதத்தான் மொதல்ல கேப்பார். கேக்காம ஒரு மெஷின்லயும் கை வெக்க மாட்டார்."

பேக்கரிக்காரம்மா சீட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சர்வீஸ்காரர் எழுந்து ஷட்டரைப் பாதி வரை இழுத்துவிட்டார். கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பார்மசி தானாகப் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்த இருபத்தைந்து நிமிஷம் அவரால் முடியவில்லை. திட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவள் பெருமையாகச் சொல்லிவிட்டாளே.

"ஒரே ஒரு மெஷின்ல கேக்கலம்மா" என்றார்.

"எதுல?"

"பெரியவன்து. அத அழிச்சது நான்தான்."

"என்னப்பா உளர்றீங்க?"

"உளறல. ஸ்டேஷன்லேருந்து பாக்கச் சொன்னாங்கல்ல, அன்னைக்கு. கை பழக்கத்துல புதுசா ஓ.எஸ். போட்டுட்டேன். பாதியிலதான் தெரிஞ்சுது. அப்புறம் பயத்துல, அவனே அழிச்சுட்டுப் போனான்னு சொல்லிட்டேன்."

சின்னது கத்துவாள் என்று எதிர்பார்த்தார். நோட்டால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். எட்டு மாதமாக அதில் அவள் எழுதி வந்ததை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். தேதிவாரியாகக் கட்டம் போட்டிருந்தாள். வியாழன் காலை, அண்ணன் கிளம்பினான். வெள்ளி, ஸ்டேஷன். சனி மாலை, லேப்டாப் வீட்டுக்கு வந்தது, நான் சீல் வைத்தேன். நடுவில் ஒரு கட்டத்தில் 'அழித்தது' என்று எழுதி எதிரே பெரிய கேள்விக்குறி. பக்கத்திலேயே பென்சிலில் மெக்கானிக்கின் பெயர்.

"என்னைக்கு?"

"சனிக்கெழமை."

"எத்தன மணி?"

"பதினொண்ணு இருபது."

"பாதியில தெரிஞ்சப்பவாவது நிறுத்தினீங்களா?"

"நிறுத்தி பிரயோஜனமில்லம்மா. மொதல் பொத்தான்லயே எல்லாம் போயிடும்."

"நிறுத்தினீங்களான்னு கேட்டேன்."

"இல்ல. முடியற வரைக்கும் பாத்துட்டு நின்னேன்."

எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா அங்கே நின்றுவிட்டது.  மெக்கானிக்கின் பெயரை ரப்பரால் தேய்த்தாள். அழிந்த பிறகும் தேய்த்தாள், தாள் கிழிந்தது.

"என்கிட்ட சொன்னதக்கூட விடுங்க. அம்மாகிட்ட ஏன்பா அப்படி சொன்னீங்க?"

அவருக்குப் புரிந்தது. பெரியவன் போன முதல் இரண்டு நாள் அவள் அம்மா அவன் நம்பருக்கு மணிக்கொரு தடவை மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கே இருக்கிறாய், வந்துவிடு என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. மிக்ஸி மூடியை எங்கே வைத்தாய், கேஸ் புக் பண்ணுகிற நம்பர் எது, பாத்ரூம் பல்பு எரியவில்லை, எந்த பல்பு வாங்குவது என்றுதான் கேட்டாள். எரிச்சலிலாவது பதில் போடுவான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். சனிக்கிழமை சாயங்காலம் சர்வீஸ்காரர் வீட்டுக்கு வந்து, அழித்துவிட்டுப் போய்விட்டான் என்றதும், "நம்மளயும் சேத்துத் தொடச்சுட்டுப் போயிட்டான்" என்று போனை வைத்தவள்தான். அதன் பிறகு அவன் நம்பரைத் தொடவில்லை. அவன் பெயரையும் சொல்வதில்லை.

"ஸ்டேஷன்லயும் நீங்க சொன்னதாலதான் தேடல" என்றாள் சின்னது. இப்போது அழுகை வந்துவிட்டது, முகத்தை மூடவில்லை. "எட்டு மாசம்பா. எட்டு மாசம் ஒருத்தரும் தேடல. அவன் எங்கயாவது அடிபட்டுக் கெடந்திருந்தா?"

அதை அவர் யோசிக்காத நாளே கிடையாது. "நாளைக்குக் காலையில மொத வேலையா ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார்.

"நாளைக்கு இல்ல. இன்னைக்கு. மொதல்ல அம்மா, அப்புறம் ஸ்டேஷன். நானும் வருவேன்."

"சரி."

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனில் மறுபடி அந்தப் பொத்தானை அழுத்தினாள். மேசை மேல் இவர் போன் அதிர்ந்தது.

"கோடு சொல்லுங்க."

"இன்னும் எதுக்கும்மா அந்தப் படிப்பு?" அவர் குரல் உடைந்துவிட்டது. "யார்னு தெரிஞ்சு போச்சே. உள்ள ஒண்ணும் இல்லையே. சத்தியமா ஒண்ணும் இல்ல."

"உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்றது யாரு? நீங்க. அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "இனிமே நானே பாக்கணும்பா. சொல்லுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அவள் போட்டாள். பச்சை டிக் வந்தது. பிறகு நோட்டை அவர் பக்கம் திருப்பி, கேள்விக்குறிக்குக் கீழே விரலை வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். தேதியும் நேரமும் அவளே எழுதிக்கொண்டாள். ஷட்டரை இறக்கும்போது மேசை ஓரத்து பல்பு கண்ணில் பட்டது. அன்றைக்காவது மறக்காமல் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மெக்கானிக் கடையைத் தாண்ட வேண்டும். சின்னது அங்கே நின்றாள். அவன் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து பின்னால் போகப் பார்த்தான். "தப்பு என்னோடதுண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுதுவிடுவோமோ என்று விறுவிறுவென நடந்துவிட்டாள். பின்னால் வந்த சர்வீஸ்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் கடந்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி ஆல்டர் செய்து கொடுக்கிறவள். ஜன்னலோரம் தையல் மெஷினில் யாருடைய பேண்ட்டுக்கோ அடிமடிப்பு ஓட்டிக்கொண்டிருந்தாள். "கோடு குடுத்தாச்சா? என்ன ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்க?" என்று கேட்டு, இருவர் முகத்தையும் பார்த்ததும் பெடலை நிறுத்தினாள்.

"சொல்லுங்க" என்றாள் சின்னது அப்பாவிடம்.

கடையில் சொன்னதையே சொன்னார். இரண்டாவது தடவை எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. சொல்லி முடிக்கும்வரை மனைவி ஒரு கையால் துணியைப் பிடித்தபடியே இருந்தாள்.

"அவன் தொடைக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எதையும்?"

"எதையும் தொடைக்கல. எல்லாம் இருந்துச்சு. நான்தான்..."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து அலமாரி மேலிருந்து போனை எடுத்தாள், கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துத் தேடினாள். அந்த நம்பர் வெகு கீழே போயிருந்தது, தள்ளித் தள்ளித்தான் கிடைத்தது. கடைசியாக அவள் அனுப்பியதும் பல்பைப் பற்றித்தான். அதன் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'பாத்ரூம் பல்பு மறுபடி போயிடுச்சு. எந்த பல்புடா வாங்கறது?'

அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னது போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சர்வீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் அதற்குள் ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட வேண்டும்போல் கை பரபரத்தது. பையிலிருந்து புது பல்பை எடுத்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் நகர்ந்தார்.

"அத நீங்க தொடாதீங்க" என்றாள் அவர் மனைவி.